சுகர் கட்டுக்குள் இருந்தும் பக்கவாதம் ஏன்?

“சுகர் கண்ட்ரோல்லதான் இருந்துச்சு. அப்புறம் எப்படி கை கால் இழுத்துக்கிச்சு?” பக்கவாதத்தில் விழுந்தவரைச் சேர்த்துவிட்டு வார்டு வாசலில் நிற்கும் குடும்பத்தார் பலரும் கேட்கும் கேள்வி இது. இனிப்பை விட்டு, மாத்திரையை நேரம் தவறாமல் போட்டு, மாதாமாதம் ரத்தம் கொடுத்துச் சோதித்தவர்களுக்கும் இது நேர்கிறது. சர்க்கரையின் அளவு சரியாக இருந்தால் மூளையும் பத்திரம் என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

இதைச் சோதித்துப் பார்த்தது பிரிட்டனில் 1977இல் தொடங்கி இருபது ஆண்டுகள் நடந்த யுகேபிடிஎஸ் ஆய்வு. முடிவுகள் 1998இல் வெளிவந்தன. சர்க்கரையைக் கறாராகக் குறைத்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் முதலியவற்றில் வரும் கோளாறுகள் கால்பங்கு குறைந்தன. பக்கவாதம் மட்டும் குறையவில்லை. அதே ஆய்வின் இன்னொரு கிளையில் சர்க்கரையோடு ரத்த அழுத்தமும் இருந்த 1,148 பேரைக் கவனித்தார்கள். ஒரு பிரிவினரின் சராசரி அழுத்தம் 154/87. கூடுதல் கவனம் பெற்ற மற்றப் பிரிவினருக்கு 144/82. மேல் எண்ணில் வித்தியாசம் வெறும் 10. அதற்கே பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது!

சர்க்கரையை விட்டுவிடலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. சர்க்கரை நோயாளிக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. பல ஆண்டுகள் நீடிக்கும் அதிகச் சர்க்கரை ரத்தக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. அங்கே கொழுப்பு படிகிறது. அந்தக் குழாய்களின் மேல் நாள் முழுக்க அழுத்தமும் மோதினால், மூளையின் ஆழத்துக்குப் போகும் நூலிழைக் குழாய்கள் முதலில் தடித்து அடைபடுகின்றன. வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்திருப்பவர்கள் பக்கத்திலேயே ஒரு பிரஷர் மெஷினையும் வைத்திருக்க வேண்டியதற்கு இதுவே காரணம். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பொதுவாக 130/80க்குக் கீழே இருக்கும்படி டாக்டர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

“எனக்குத் தலைவலி, கிறுகிறுப்பு எதுவும் இல்லை, பிரஷர் இருக்காது” என்பது அடுத்த நம்பிக்கை. உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. 2023இல் வெளியான ஐசிஎம்ஆரின் ‘இண்டியாப்’ ஆய்வின்படி நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. வயதுவந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோருக்கு ரத்த அழுத்தம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்த இரண்டுக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது. வந்த மாத்திரையை “கிட்னி கெட்டுப்போகும்” என்று பயந்து எடுத்துவைத்துவிடுகிறவர்களும் உண்டு. சிறுநீரகத்தைக் கெடுப்பவை கட்டுக்கடங்காத சர்க்கரையும் அழுத்தமும்தான். சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்குச் சில பிரஷர் மாத்திரைகள் சிறுநீரகத்துக்கே காவலாக நிற்கின்றன.

கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று வந்தால் ஸ்டாட்டின் மாத்திரை எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. இதயநோய் வந்திராத, கெட்ட கொழுப்பும் பெரிதாகக் கூடாத 2,838 சர்க்கரை நோயாளிகளிடம் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த ‘கார்ட்ஸ்’ ஆய்வு 2004இல் வெளிவந்தது. தினம் 10 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின் எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

எல்லாவற்றிலும் அதிகம் கவலைப்பட வேண்டிய தவறு, பக்கவாதம் வந்த அந்த நிமிடத்தில் நடப்பது. சர்க்கரை நோயாளி திடீரென்று குழறிப் பேசினாலோ ஒரு கை தொங்கினாலோ, “லோ சுகர்தான்” என்று வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். சர்க்கரை மிகவும் இறங்கினால் பக்கவாதம் போலவே தோன்றக்கூடும் என்பது உண்மை. ஆனால் அதை ஊகிக்க வேண்டியதில்லை. விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எண் 70க்குக் கீழே இருந்து, அவர் விழிப்போடு நன்றாக விழுங்கினால் மட்டுமே சர்க்கரை கொடுக்கலாம். உடனே தெளியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். எண் 70க்கு மேலே இருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பக்கவாதத்தில் விழுங்கும் தசைகளும் செயலிழக்கலாம். தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். சோதிக்கக் கருவி கையில் இல்லையென்றால் தேட வேண்டாம், 108ஐ அழைத்துவிடலாம். ஆம்புலன்ஸில் பார்த்துக்கொள்வார்கள்.

ஊசியால் பத்து விரல்களிலும் குத்தி ரத்தம் எடுத்தால் அடைப்பு நீங்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கு எந்த ஆதாரமும் இல்லை. புறா ரத்தம் தேய்ப்பதும் அப்படியே. வீட்டில் இருக்கும் ஆஸ்பிரினை எடுத்துக் கொடுப்பது இன்னும் ஆபத்து. மூளையில் அடைப்பா, ரத்தக்கசிவா என்பது சிடி ஸ்கேனில்தான் தெரியும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதை மோசமாக்கிவிடும். அடைப்பாக இருந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். 1995இல் மூன்று மணி நேரமாக இருந்த அதற்கான கெடு, 2008 ஆய்வுக்குப் பிறகு நாலரை மணி நேரம் ஆனது. அது வீட்டார் பார்த்த நேரத்திலிருந்து அல்ல, நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. ஆகவே ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான்.

“பத்து நிமிஷம் கை மரத்துச்சு, தானா சரியாயிடுச்சு” என்று வீட்டிலேயே இருந்துவிடுபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது மூளைக்கு ரத்தம் சற்றே நின்று திரும்பிய மினி ஸ்ட்ரோக்காக இருக்கலாம். பெரிய பக்கவாதம் தொடரும் ஆபத்து அடுத்த இரண்டு நாட்களில்தான் மிக அதிகம். அதைக் கணிக்க டாக்டர்கள் போடும் மதிப்பெண்ணில் சர்க்கரை நோய்க்கென்றே ஒரு புள்ளி கூடுகிறது. கை சரியாகிவிட்டாலும் அன்றைக்கே போய் மூளைக்கு ஸ்கேன், கழுத்து ரத்தக்குழாய்க்கு டாப்ளர், இதயத்துக்கு ஈசிஜி மூன்றையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.