சங்கம் வளருங்கால் ஏடுகளைப் பேணும் முறை

திருவண்ணாமலைப் பிரதேசத்தில் ஆண் மக்களுக்கு அண்ணாமலை, அருணாசலம் என்றும், பெண் மக்களுக்கு உண்ணாமலை என்றும் பெயரிடுவது தொன்றுதொட்ட வழக்கமாகும். ஆகவே ஒரே கிராமத்தில் ஒரே பெயருடைய குடியானவர்கள் பலர் இருப்பர். பத்துப் பேர் கூடிய சங்கத்தில் இதனால் தொல்லை யாதும் இல்லை. காரியதரிசி முகம் பார்த்தே ஆளை அறிவார். முந்நூறு பேர் சேர்ந்த பின்னரோ, ஒருவர் அளந்து கொடுத்த மணிலாவுக்குரிய பணம் மற்றொருவர் பற்றில் ஏறுதல் கூடும்.

உழவர் உற்பத்தியாளர் கம்பெனியைத் தொடங்கச் சட்டப்படி உற்பத்தியாளர் பதின்மர் போதும். 2020-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் ஏற்படுத்திய பதினாயிரம் ஸ்தாபனங்களுக்கான திட்டத்திலோ, சமவெளிப் பிரதேசங்களில் 300 அங்கத்தினர் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஆளும் கிடங்கும் இவ்வாறு பெருகுங்கால், ஏடுகள் மாத்திரம் ஒருவர் ஞாபகத்தைத் துணைகொண்ட பழைய நோட்டுப் புத்தகமாகவே நின்றுவிடுவது பெருங்குறையாகும்.

இதற்கு வழிகாட்டியை வெளியில் தேட வேண்டுவதில்லை. கிராமக் கணக்கே தக்க முன்மாதிரி. நிலத்தின் இயல்பையும் தீர்வையையும் கூறுவது 'அ' பதிவேடு. பட்டாதாரர்வாரியாக நிலங்களைக் கூறுவது சிட்டா. போகந்தோறும் விளைந்த பயிரைக் கூறுவது அடங்கல். மூன்றும் வெவ்வேறு ஏடுகளாயினும், புல எண் என்னும் ஒரே கயிற்றால் கட்டுண்டவை. உத்தரவின்றிப் பெயர் மாறாது. மாறியவை ஜமாபந்தியில் தணிக்கைக்கு உட்படும். 1980 நவம்பரில் கர்ணம், மணியம் முதலிய உத்தியோகங்கள் ஒழிக்கப்பட்டு, பின்னர்க் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். ஏடுகள் யாவும் ஒரே படிவத்தில் இருந்தமையால் புதியவரும் அவற்றைக் கொண்டு வேலை நடத்த இயன்றது. பழைய கர்ணத்தின் கையெழுத்தைப் படிப்பது வேறு விஷயம்.

எனவே சங்கம் முதலில் செய்யவேண்டுவது, ஒவ்வோர் அங்கத்தினருக்கும் ஓர் எண் கொடுத்தலே. அவர் விலகினாலும் காலஞ்சென்றாலும் அவ்வெண்ணைப் பிறருக்குக் கொடுத்தல் ஆகாது. அதன் எதிரில் பட்டாவில் உள்ள பெயர், பட்டா எண், புல எண் ஆகியவற்றை உள்ளது உள்ளபடி எழுதவேண்டும். புல எண் 84/2 உள்ள நிலத்தைச் சகோதரர் இருவர் பாகம் செய்து, அது 84/2அ, 84/2ஆ எனப் பிரிந்ததாகக் கொள்வோம். சங்க ஏட்டில் மட்டும் பழைய எண்ணே நின்றால், பயிர்க் காப்பீட்டு மனு ஒன்று கூற, அடங்கல் மற்றொன்று கூறும். மழையின்றி மணிலா கருகிய வருஷத்தில், நஷ்ட ஈடு இவ்வொரு வரியினாலேயே தடைப்படலாம்.

விதையிலும் நிறையிலும் நேரும் குழப்பம் இதனினும் பெரிது. டி.எம்.வி. என்பது திண்டிவனத்தைக் குறிக்கும். ஒரு குமாஸ்தா 'டி.எம்.வி. 7' என்றும், மற்றவர் 'திண்டிவனம் 7' என்றும் எழுதினால், ஒரே ரகம் இருப்புக் கணக்கில் இரண்டாகிவிடும். நெல் மூட்டை ஓரிடத்தில் 75 கிலோ, மற்றோரிடத்தில் 62 கிலோ. 'மூட்டை' என்று மட்டும் எழுதிய கணக்கு, இரண்டாவது கிடங்கு திறந்த நாள் முதல் உதவாது. கிலோவில் எழுதுதலே தகும்.

தீர்மானம், விலை ஜாபிதா, ரசீதுப் படிவம் ஆகியவற்றுக்கு அசல் ஒன்றே இருத்தல் வேண்டும். திருத்தத்தை அசலில் தேதியிட்டுச் செய்து, பின்னரே கிளைகளுக்கு நகல் அனுப்புக. பழைய நகல்களைத் திரும்பப் பெறாமல் புதியவற்றை அனுப்புவதால், ஒரே நாளில் இரு கிளைகளில் இரு விலை கொடுக்கப்படும். உழவர்கள் சங்கத்தின்மேல் நம்பிக்கை இழப்பது இத்தகைய நாட்களிலேயே.

2022-ல் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கம்ப்யூட்டர் கணக்குக்குக் கொணரும் திட்டத்தை மத்திய சர்க்கார் அங்கீகரித்தனர். பழைய ஏட்டிலிருந்து புதியதற்கு மாறுங்கால் முன்னோர் காட்டிய எச்சரிக்கை கவனிக்கத்தக்கது. திருமழபாடிக் கோயிலைப் புதுப்பிக்குமுன், அதிலிருந்த சாசனங்களைப் புத்தகத்தில் படியெடுக்குமாறு முதலாம் இராஜராஜன் கட்டளையிட்டான். அவை முதலாம் இராஜேந்திரன் காலத்தில் மீண்டும் கல்லில் வெட்டப்பட்டன. சங்கமும் பேரேட்டை முதலில் பட்டாவோடும் அடங்கலோடும் ஒத்துப்பார்த்துத் திருத்திய பின்னரே எந்திரத்தில் ஏற்றவேண்டும். பசலி ஜூன் 30-ல் முடிவதால், அதற்கு முந்தைய கோடை மாதங்கள் இவ்வேலைக்கு உகந்தவை. ஒத்துப்பார்த்த ஒவ்வொரு பக்கத்திலும் காரியதரிசியும், அவரல்லாத டைரக்டர் ஒருவரும் கையொப்பமிடுதல் அவசியம்.