கல்லும் மண்ணும்

உங்கள் வீட்டில் அம்மி இருக்குமாயின், அதன் நடுப்பகுதியை ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். விளிம்பில் சொரசொரப்பாகவும் நடுவில் வழுவழுப்பாகவும் இருக்கும். வாங்கிய நாளில் முழுவதும் சொரசொரப்பாக இருந்த கல் அது. குழவி ஓடி ஓடி நடுவிடம் தேய்ந்துவிட்டது. நான் சிறுவனாக இருந்தபொழுது, "அம்மி கொத்தலையோ, அம்மி!" என்று கூவிக்கொண்டு உளியும் சுத்தியலுமாகச் சிலர் எங்கள் தெருவில் வருவார்கள். என் தாயார் அவர்களை அழைத்து அம்மியைப் புள்ளி புள்ளியாகக் கொத்துவித்துக்கொள்வார். தேய்ந்துபோன கல் எங்கே சென்றது என்று அக்காலத்தில் நான் எண்ணியதில்லை. இப்பொழுது எண்ணிப் பார்த்தால் புலனாகிறது: துவையலோடு கலந்து எங்கள் வயிற்றுக்குள்ளேதான் சென்றிருக்கிறது!

பழைய கிணறுகளின் விளிம்புக் கற்களிலும் இத்தகைய தேய்மானத்தைக் காணலாம். நீர் இறைத்த கயிறு உராய்ந்து உராய்ந்து விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் செய்திருக்கும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நம் பழமொழி. எறும்பு ஊர்ந்து தேய்ந்த கல்லை நான் கண்டதில்லை. கயிறு உராய்ந்து தேய்ந்த கல்லைக் கண்டிருக்கிறேன். மெல்லிய கயிறே இவ்வளவு செய்யுமாயின், மழையும் வெயிலும் காற்றும் பல கோடி ஆண்டுகளாக மலைகளை என்ன பாடு படுத்தியிருக்கும்!

இதனை நான் கற்றது முதுமையில்தான். தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பின்னர், 2022ஆம் ஆண்டு ஆடித் திங்களில், எங்கள் ஊர்ப்பக்கத்துப் பள்ளி ஒன்றின் அறிவியல் ஆசிரியை என்னைத் தேடி வந்தார். "ஐயா, பாறை நொறுங்குவதையும் மண் அடித்துச் செல்லப்படுவதையும் பிள்ளைகள் ஒன்றாகவே கருதுகிறார்கள். இரண்டையும் அரிப்பு என்றே எழுதுகிறார்கள். வேறுபாடு விளங்கும்படி நல்ல சொற்களைத் தாங்கள் வந்து சொல்லித்தர வேண்டும்" என்றார். சொற்களைத் தருவதற்காகச் சென்றேன். கற்களைக் கண்டு அங்கேயே தங்கிவிட்டேன்.

சொற்கள் எளியவையே. பாறை தான் நின்ற இடத்திலேயே விரிந்தும் சுருங்கியும் பிளந்தும் கரைந்தும் நொறுங்குவது சிதைவு. நொறுங்கியதை நீரோ காற்றோ வாரிக்கொண்டு போவது அரிப்பு. வாரிக்கொண்டு போனதை ஓரிடத்தில் இறக்கி வைப்பது படிவு. உடைப்பவன் ஒருவன், சுமப்பவன் ஒருவன், இறக்குபவன் ஒருவன் என்று கொண்டால் மறதி வாராது.

ஆசிரியை முதலில் ஒரு தகர டப்பாவை எடுத்தார். கூரிய முனைகளையுடைய செங்கல் துண்டுகள் சிலவற்றைத் தராசில் நிறுத்து அதிலிட்டு, பாதியளவு நீர் ஊற்றி, மூடியை இறுக்கினார். ஒவ்வொரு மாணவனும் நூறுமுறை குலுக்கி அடுத்தவனிடம் கொடுக்க வேண்டும். எழுந்த ஓசையைக் கேட்டுத் தலைமையாசிரியரே வந்து எட்டிப் பார்த்துச் சென்றார். வகுப்பு முழுவதும் குலுக்கி முடித்ததும் டப்பாவைத் திறந்தார்கள். நீர் செங்குழம்பாக இருந்தது. துண்டுகளின் முனைகள் மழுங்கிக் கூழாங்கல் வடிவம் பெற்றிருந்தன. எடையும் குறைந்திருந்தது. பிறகு ஆற்றிலிருந்து கொண்டுவந்த கூழாங்கற்களையும் அவ்வாறே குலுக்கினார்கள். அவற்றில் மாறுதல் ஏதும் புலப்படவில்லை. ஏன் என்று ஆசிரியை வினவினார். பின்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி, "அவற்றை ஆறு முன்னமே குலுக்கி முடித்துவிட்டது, அம்மா" என்றாள். நாற்பது ஆண்டுகள் பாடம் நடத்திய நான் இத்தகைய விடையைச் சிலமுறையே கேட்டிருக்கிறேன்.

அந்தக் கூழாங்கற்களைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். நமக்குக் கிழக்கே நிற்கும் நகரி மலையில் குவார்ட்சைட் என்னும் பாறை மிகுதி. பழைய மணலே இறுகிக் கல்லாகி, பின்னர் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மேலும் உறுதி பெற்றது அது. எளிதில் சிதையாதது. கொசத்தலையாற்றின் கரையிலே, பூண்டிக்கு அருகில், அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூர் உண்டு. 1863ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியலறிஞர் அங்கே தொல்பழங்கால மக்கள் செதுக்கிய கைக்கோடரிகளைக் கண்டெடுத்தார். அவற்றுள் மிகத் தொன்மையானவை சற்றேறக்குறையப் பதினைந்து இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று சாந்தி பப்பு முதலிய ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டு வெளியிட்டனர். அக்கருவிகளும் குவார்ட்சைட் கல்லால் ஆனவையே. எந்தக் கல் சிதையும், எந்தக் கல் நிற்கும் என்பதை எழுத்தறியாத அம்மனிதர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

அடுத்த நாள் கொண்டைக்கடலையின் முறை. பாரிசுச் சாந்தைக் குழைத்து இரு கிண்ணங்களில் ஊற்றி, ஒன்றில் மட்டும் உலர்ந்த கடலைகளைப் பதித்து, இரண்டையும் ஈரம் காயாமல் வைத்தனர். மறுநாட் காலையில் கடலை பதித்த சாந்து வெடித்துக் கிடந்தது. மற்றது அப்படியே இருந்தது. கடலைக்கு அத்துணை வலிமையா என்று வியவாதீர்கள். கல்லுடைப்போர் பாறையில் வரிசையாகத் துளையிட்டு, உலர்ந்த மர ஆப்புகளை அறைந்து, அவற்றின்மேல் நீர் ஊற்றிப் பாறையைப் பிளந்த வழக்கம் முன்பு உண்டு. ஊறிப் பருத்த மரம் பாறையைப் பிளக்கும். கோபுரத்து இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றும் அதே வேலையைத்தான் செய்கிறது.

பகலில் காய்ந்து இரவில் குளிரும் பாறை, வெங்காயம்போல் ஏடு ஏடாக உரிவதும் உண்டு. நம் பக்கத்துக் குன்றுகளில் இதனைக் காணலாம். கல்லில் நார் உரிக்க முடியாது என்கிறோம். காலம் உரித்துக்கொண்டுதான் இருக்கிறது. கிளிஞ்சலின்மீது எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தபொழுது நுரைத்துப் பொங்கியதையும் அன்று கண்டோம். மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சிறிதளவு புளிப்புத்தன்மை பெறுகிறது. எலுமிச்சை ஒரு நொடியில் செய்வதை மழை பன்னெடுங்காலத்தில் செய்கிறது. கருங்கல்லில் உள்ள சில கனிமங்களும் இவ்வாறே மாறிக் களிமண் ஆகின்றன. குயவர் சக்கரத்திலிருக்கும் களிமண் ஒரு காலத்தில் மலையாக நின்றது என்பது எனக்குப் பெருவியப்பாக இருந்தது.

மூன்றாம் நாள் நடந்ததே நான் சொல்ல வந்த செய்தி.

முற்றத்தில் மூன்று மரத்தட்டுகளை ஒரே சாய்வாக வைத்திருந்தனர். மூன்றிலும் ஒரே வயலின் மண். முதல் தட்டில் வெறும் மண். இரண்டாவதில் மண்ணின்மேல் உலர்ந்த வைக்கோல். மூன்றாவதில் இருபது நாளுக்கு முன்பே நட்டு வேரோடிய அருகம்புல். ஒவ்வொன்றின் கீழ்முனையிலும் ஒரு கண்ணாடிச் சாடி. மூன்றின்மீதும் ஒரே உயரத்திலிருந்து, பூவாளியால் ஒரே அளவு நீர் பொழிந்தனர். வெறும் தட்டிலிருந்து பழுப்புக் குழம்பு விரைந்து ஓடிவந்தது. வைக்கோல் தட்டிலிருந்து கலங்கல் நீர் வந்தது. புல் தட்டிலிருந்து நெடுநேரம் ஏதும் வரவில்லை. பின்னர் ஏறத்தாழத் தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாக வந்தது.

மாணவர்கள் ஆரவாரித்தனர். ஒருவன் மட்டும் பேசாமல் முதல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தந்தையார் ஆற்றோரத்தில் வேர்க்கடலை பயிரிடுபவர். கரையில் அடர்ந்திருந்த நாணலையும் புங்க மரங்களையும் களைந்து, நான்கு சால் நிலம் கூடுதலாக உழுதிருந்தார். 2021 நவம்பரில் பெருமழை பெய்து, எல்லைக்கு அப்பாலுள்ள கிருஷ்ணாபுரம் அணையும் நிரம்பி, ஆறு பெருக்கெடுத்தது. நான்கு சாலுக்கு மாறாகப் பத்துச் சால் நிலம் ஆற்றோடு போயிற்று. அவன் பாட்டியார் தெலுங்கு பேசுபவர். "ஏரு தின்றுவிட்டது" என்று சொல்லிச் சொல்லி அழுதாராம். தெலுங்கில் ஏரு என்பது நம் ஆறே.

சிறிது நேரங்கழித்து அவன், "அம்மா, எங்கள் மண் இப்பொழுது எங்கே இருக்கும்?" என்று கேட்டான்.

ஆசிரியை ஆறுதல் மொழி ஏதும் கூறவில்லை. பழுப்பு நீர் நிறைந்த சாடியை எடுத்து அவன் கையில் கொடுத்து, நன்கு குலுக்கி வைக்கச் சொன்னார். மணல் உடனே அடியில் இறங்கிற்று. பாட வேளை முடிவதற்குள் அதன்மேல் வண்டல் ஓர் அடுக்காகப் படிந்தது. மிக நுண்ணிய களிமண்ணோ மறுநாளும் நீரிலேயே மிதந்துகொண்டிருந்தது. "உங்கள் நிலத்து மணல் நெடுந்தொலைவு போயிராது. வண்டல் பூண்டி ஏரிவரை போயிருக்கும். களிமண்ணில் ஒரு பகுதி எண்ணூர்க் கடலையே அடைந்திருக்கும்" என்றார்.

கொசத்தலையாறு பள்ளிப்பட்டுப் பக்கத்தில் தோன்றி, 136 கிலோமீட்டர் ஓடி, எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. இடையில் அதனைத் தடுத்து 1944ஆம் ஆண்டு கட்டப்பட்டதே பூண்டி நீர்த்தேக்கம். 3,231 மில்லியன் கன அடி கொள்ளளவு உடையது. சென்னை மக்கள் குடிக்கும் நீர் அதிலும் தேங்குகிறது. அதன் அடியில் ஒரு வண்டி மண் படிந்தால் ஒரு வண்டி நீருக்கு இடமில்லாமற் போகும். ஆகவே உழவர் ஒருவர் இழந்த நிலம், தொலைவில் உள்ள நகரத்தாரின் குடத்தையும் குறைக்கிறது. ஓர் அங்குல மேல்மண் உண்டாவதற்கோ நூற்றாண்டுகள் பல வேண்டும்.

சனிக்கிழமையன்று அம்மாணவன் தன் தந்தையாரை அழைத்து வந்தான். அவர் தட்டுகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "வெறும் மண் தட்டைக் கூடுதலாகச் சாய்த்து வைத்திருக்கிறீர்கள்" என்றார். ஆசிரியை சினங்கொள்ளவில்லை. "தாங்களே இடம் மாற்றி வைத்து, தாங்களே நீர் ஊற்றுங்கள், ஐயா" என்று பூவாளியை நீட்டினார். அவர் வேறு மண்ணை நிரப்பி, தட்டுகளை இடம் மாற்றி, இருமுறை ஊற்றினார். இருமுறையும் முன்போலவே நிகழ்ந்தது. அவர் ஒன்றும் பேசாமல் பூவாளியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். உண்மையில் அவர் செய்ததே சிறந்த சோதனை என்று ஆசிரியை பின்னர் என்னிடம் கூறினார்.

ஆவணியில் அவர் தம் கரையின் ஒரு பாதியில் மட்டும் நாணலும் வெட்டிவேரும் நட்டு, புங்கங்கன்றுகளையும் ஊன்றினார். மறுபாதியை உழவுக்கே விட்டுவைத்தார். கடன் இருக்கிறது, முழுவதையும் விட இயலாது என்றார். அதில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. மாணவர்கள் இரு பாதியிலும், கரை விளிம்பிலிருந்து முழத்துக்கு ஒன்றாக ஐந்தைந்து கருவேல முளைகளை அடித்து, ஒரு குறிப்பேட்டில் நாளும் அளவும் எழுதிவைத்தனர்.

அவ்வாண்டு மழைக்குப் பின் சென்று பார்த்தோம். உழுத பக்கத்தில் முதல் முளை இல்லை. நட்ட பக்கத்திலும் முதல் முளை இல்லை! கன்றுகளுள் பாதி நீரில் அழுகிக் கிடந்தன. மாணவனின் முகம் வாடிற்று. நட்ட பக்கத்து அளவைச் சிறிது கூட்டி எழுதலாமா என்பதுபோல் ஆசிரியையைப் பார்த்தான். "கண்டதைக் கண்டபடியே எழுது" என்றார் அவர். எழுதினான். அவன் தந்தையார் அதனைப் பார்த்துக்கொண்டே நின்றார். பின்னர், அழுகிய கன்றுகளுக்கு மாற்றாக வேறு கன்றுகளை அவரே கொண்டுவந்து நட்டார். அந்தப் பிள்ளை பொய்யாக ஒன்றும் எழுதவில்லை என்பதனால்தான் தமக்கு நம்பிக்கை வந்தது என்று பின்னொரு நாள் என்னிடம் சொன்னார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தது. நீர் வடிந்தபின் மீண்டும் சென்றோம். உழுத பக்கத்தில் இரண்டாம் முளையும் மூன்றாம் முளையும் போயிருந்தன. நட்ட பக்கத்தில் நாணல் வேர்கள் கரையின் வெட்டுமுகத்தில் வலைபோல் பின்னித் தொங்கின. இரண்டாம் முளை சாய்ந்திருந்தது, போகவில்லை. நாணலின் அடியில் புது வண்டல் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் படிந்திருந்தது. அம்மாணவன் அதனைக் கையில் அள்ளி, மேலே எவர் நிலத்து மண்ணோ என்றான்.

அவன் இப்பொழுது வேறு பள்ளியில் மேல்வகுப்புப் பயில்கிறான். குறிப்பேடு அவனுக்கு அடுத்த வகுப்பினரிடம் இருக்கிறது. சென்ற ஆவணியில் நான் ஆற்றுப்பக்கம் உலாவச் சென்றபொழுது, அவன் தந்தையார் கரையின் மறுபாதியிலும் கடப்பாரையால் குழி தோண்டிக்கொண்டிருந்தார். எத்தனை கன்று என்று கேட்டேன். நாற்பது என்றார்.