சிதறிக் கிடக்கும் குரல் பதிவுகளை ஒரே ஆடியோவாகச் சேர்ப்பது எப்படி?

 

பென்னாகரத்துல இருந்த எங்க அத்தை, கிருத்திகைக்குக் கிருத்திகை ஒரு முருகன் பாட்டைப் பாடி குடும்ப வாட்ஸ்அப் குழுவுல போடுவாங்க. தர்மபுரி குமாரசாமிப்பேட்டையில் தைப்பூசத்துக்குப் பெண்களே வடம் பிடிச்சு இழுக்கிற தேருக்கு வருஷம் தவறாமப் போவாங்க. அன்னைக்கு ரெண்டு பாட்டு வரும். போன ஆடியில் அத்தை தவறிட்டாங்க. மாமாவுக்குக் கண் பார்வை குறைவு, போன்ல தேடிக் கேக்க முடியாது. "பென்டிரைவ்ல ஏத்திக் குடுப்பா, ஒருதரம் அமுக்கினா எல்லாம் வரிசையா வரணும்"னார்.

மொத்தம் 31 பதிவு. அதைச் சேர்த்தப்போ கத்துக்கிட்டதை எழுதுறேன். உங்க வீட்டுலயும் இப்படி ஒரு குரல் போனுக்குள்ள கிடக்கும்.

முதல்ல கோப்புகளைத் திரட்டணும். ஆண்ட்ராய்டு போன்ல வாட்ஸ்அப் குரல் பதிவுகள் வாரத்துக்கு ஒரு ஃபோல்டரா பிரிஞ்சு இருக்கும். எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஒரே ஃபோல்டருக்குக் காப்பி பண்ணுங்க. பெயரை மாத்தாதீங்க. பெயரிலேயே வருஷம், மாதம், தேதி இருக்கு, பெயர் வரிசையில் அடுக்கினாலே தேதி வரிசை வந்துடும். நான் அவசரப்பட்டு 1, 2, 3னு பெயர் வச்சேன். 1-க்கு அடுத்து 10 வந்து நின்னுச்சு!

இந்தப் பதிவுகள் ஓபஸ் என்ற வடிவத்துல இருக்கும். நிறைய பென்டிரைவ் ஸ்பீக்கருக்கு அது புரியாது, எம்பி3 தான் பாடும். பெயரின் கடைசியில் எம்பி3னு மாத்தி எழுதினா மட்டும் வடிவம் மாறிடாது.

நான் பயன்படுத்தினது ஆடாசிட்டி. 1999-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கின மென்பொருள், இலவசம். ஓபஸைத் திறக்க மறுத்தா எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருளையும் போட்டுக்கணும்.

எல்லாக் கோப்பையும் உள்ளே இழுத்துப் போட்டு பிளே அமுக்கினேன். 31 பாட்டும் ஒரே நேரத்துல பாடுது! பதறிட்டேன். காரணம் இதுதான்: ஆடாசிட்டி ஒவ்வொரு கோப்பையும் தனி டிராக்கா ஒன்றன்கீழ் ஒன்றா வைக்கும், எல்லாம் ஒரே நொடியில் தொடங்கும். அப்படியே எக்ஸ்போர்ட் பண்ணினா கலவையாத்தான் வரும். எல்லாத்தையும் தேர்வு செய்து, 'டிராக்ஸ்' மெனுவில் 'அலைன் டிராக்ஸ்' போய், 'அலைன் எண்ட் டு எண்ட்' கொடுக்கணும். ஒன்னு முடிஞ்ச இடத்துல அடுத்தது தொடங்கும். (என்கிட்ட இருக்கிறது 3-ஆம் வரிசைப் பதிப்பு.)

சில பதிவு சத்தமா, சில பதிவு முணுமுணுப்பா இருந்துச்சு. 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' எல்லாத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும். அதில் வர்ற -23 ரொம்பச் சன்னம், நான் -18 வச்சேன். இரைச்சலைக் குறைக்கிற வசதியை மட்டும் அளவோட தொடுங்க. அதிகமாப் போட்டதுல அத்தை கிணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி ஆயிடுச்சு. எடுத்துட்டேன். குக்கர் விசில் கேட்டா கேட்டுட்டுப் போகட்டும்.

கடைசியா ரெண்டு சேமிப்பு வேணும். ஒன்னு ஆடாசிட்டியின் புராஜெக்ட் கோப்பு, இன்னொன்னு எம்பி3. பேச்சுக்குரலுக்கு மோனோவில் 64 கேபிபிஎஸ் போதும், ஒன்றரை மணி நேரம் சுமார் 43 எம்பி ஆகும். திருத்தம் வந்தா எம்பி3-யை வெட்டி ஒட்டாதீங்க, ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் தரம் இறங்கும். புராஜெக்ட்ல திருத்தி மறுபடி எடுங்க. வாட்ஸ்அப்ல இருக்கிற மூலத்தையும் அழிக்காதீங்க.

எனக்கு அந்தத் திருத்தம் மறுநாளே வந்துச்சு. ஒவ்வொரு பாட்டு முடிவிலும் அத்தை பேசினதை, பாட்டு மட்டும் இருக்கட்டும்னு நான் வெட்டியிருந்தேன். மாமா முழுசாக் கேட்டுட்டுச் சொன்னார்: "பாட்டு நல்லா வந்திருக்குப்பா. 'கேக்குதா கண்ணு'னு கேப்பாளே, அது எங்க?"

மூலக்கோப்புகள் இருந்துச்சு. உக்காந்து 31-ஐயும் மறுபடி ஒட்டிக் கொடுத்தேன்.