கலிங்கத்தில் பொறிக்கப்படாத கல்வெட்டு

வேந்தர்தம் கல்வெட்டுகள் பெரும்பாலும் வென்ற நாடுகளையும் பெற்ற திறையையும் பேசுவன. தம் வெற்றிக்குப் பலியானோரின் எண்ணிக்கையைத் தாமே கல்லில் பொறித்து, அதற்காக வருந்துவதாகவும் அறிவித்தவர் மௌரியப் பேரரசர் அசோகர். முடிசூடி எட்டு ஆண்டுகள் கடந்தபின் அவர் கலிங்கத்தை வென்றார். அப்போரில் சிறைபிடித்துக் கொண்டுசெல்லப்பட்டோர் 1,50,000 பேர். கொல்லப்பட்டோர் 1,00,000 பேர். பின்னர் மடிந்தோர் அதனினும் பன்மடங்கினர் என்கிறது அவரது 13ஆம் பாறைக் கல்வெட்டு. சோழ, பாண்டிய நாடுகள் வரை அறத்தால் வெற்றி கண்டதாகவும் அதே கல்வெட்டில் அவர் கூறிக்கொள்கிறார்.

ஆயினும், வருந்திய வேந்தர் வாளைக் கீழே வைத்துவிடவில்லை. வருத்தத்திற்கிடையிலும் தமக்குத் தண்டிக்கும் ஆற்றல் உண்டு எனக் காட்டுவாழ் மக்களை எச்சரிக்கும் தொடரும் அக்கல்வெட்டிலேயே உள்ளது. கலிங்கமும் விடுவிக்கப்படவில்லை.

குஜராத்தின் கிர்நாரிலும் இன்றைய பாகிஸ்தானின் ஷாபாஸ்கர்கியிலும் காணப்படும் இக்கல்வெட்டு, குருதி சிந்திய கலிங்க மண்ணில் இல்லை. புவனேசுவரத்தை அடுத்த தௌலியிலும் கஞ்சம் மாவட்டத்து ஜௌகடாவிலும் 11, 12, 13ஆம் கல்வெட்டுகள் விடப்பட்டு, அவற்றுக்கு ஈடாக இரு தனிக் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. தோற்றவர்க்கு அவர்தம் இழப்பை எண்ணிக் காட்டுவது புண்ணைக் கிளறுவதாகும் என வேந்தர் கருதியிருக்கலாம். சினம் மீண்டும் மூளும் என அஞ்சியுமிருக்கலாம். இவ்விரண்டும் கலந்தே இருந்திருக்கும் எனக் கொள்வது பொருந்தும்.

தனிக் கல்வெட்டுகள் அலுவலரை நோக்கிப் பேசுகின்றன. மக்கள் அனைவரும் தம் மக்களே என்னும் அறிவிப்போடு அசோகர் நின்றுவிடவில்லை. காரணமின்றி எவரும் சிறைப்படவோ துன்புறுத்தப்படவோ கூடாது என ஆணையிடுகிறார். பொறாமை, சினம், கடுமை, பதற்றம், சோம்பல், சோர்வு ஆகியன நீதியைக் கெடுக்கும் என அலுவலரின் குறைகளைப் பெயர் சொல்லிக் கடிகிறார். இவ்வாணை நடைபெறுகிறதா எனக் காண, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கடுமையற்ற அதிகாரி ஒருவரை அனுப்புவதாகவும் உறுதி கூறுகிறார். வருத்தம் ஆட்சிமுறையாக மாறிய இடம் இதுவே.

இவ்வாணை திஷ்ய நாள்தோறும், அதாவது பூச நாள்தோறும், படிக்கப்பட வேண்டும். இடைப்பட்ட நாள்களிலும், கேட்பவர் ஒருவரே ஆயினும், அவர் கேட்கப் படிக்கலாம் என்பது ஏற்பாடு.