எச்சரிக்கையும் சோதனையும்

நிரல் எழுதப் பயிலும் மாணவர் பலர், எழுதியது ஓடிவிட்டால் வேலை முடிந்ததென்று எண்ணுகின்றனர். ஸி மொழியில் எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரோ, பிழையென்று தள்ளாவிடினும் ஐயத்திற்கிடமான வரிகளைச் சுட்டி எச்சரிக்கின்றது. அத்தகைய எச்சரிக்கையை எங்ஙனம் ஏற்றல் வேண்டுமென்பதை, மூல நிரல் யாவர்க்கும் வெளியிடப்பட்ட மென்பொருள்களில் நேர்ந்த இரண்டு நிகழ்ச்சிகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, ஆப்பிள் நிறுவனத்தாரின் ஐபோனிலும் மேக் கணினியிலும் இருந்த குறை. நாம் தொடர்பு கொள்ளும் தளம் மெய்யானதுதானா என்று கையொப்பத்தால் ஆராயும் பகுதியில், ‘கோட்டோ ஃபெயில்’ என்னும் கட்டளை அடுத்தடுத்து இருமுறை எழுதப்பட்டிருந்தது. ஸி மொழியில் அடைப்புக்குறி இன்றேல், ‘இஃப்’ என்னும் நிபந்தனை அடுத்துள்ள ஒரு கட்டளையையே ஆளும். ஆதலின் முதற் கட்டளை நிபந்தனைக்கு உட்பட்டது; இரண்டாவதோ எப்பொழுதும் நிகழ்ந்தது. கையொப்பத்தை ஒப்புநோக்கும் வரிகள் தாண்டப்பட்டன. பிழை யாதும் இல்லை என்னும் விடையே கிடைத்தது. 2014-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் இது திருத்தப்பெற்றது. ஒருபோதும் எட்டப்படாத வரிகளைச் சுட்டும் ஆற்றல் கிளாங் கம்பைலருக்கு அப்பொழுதே உண்டு. ஆயினும் தனியே கேட்டாலன்றி அது கூறாது. பொய்க் கையொப்பம் ஒன்றைக் கொடுத்து, அது மறுக்கப்படுகின்றதா என்று பார்க்கும் சோதனையும் இக்குறையை வெளிப்படுத்தியிருக்கும்.

இரண்டாவது, இதற்கு மறுதலை. வால்கிரிண்ட் என்னும் ஆய்வுக்கருவி, மதிப்பிடப்படாத நினைவகத்தைப் பற்றி எச்சரித்தமையால், டெபியன் குழுவினர் 2006-ஆம் ஆண்டில் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் இரண்டு வரிகளை நீக்கினர். எச்சரிக்கை ஒழிந்தது. ஆனால் அவற்றுள் ஒன்று, மறைச்சாவிகளுக்கு வேண்டிய தற்செயல் எண்களைக் கலக்கும் வரி. அதன்பின் வேறுபாட்டிற்கு எஞ்சியது, இயங்கும் நிரலுக்குக் கணினி இடும் எண் ஒன்றே. அது அக்காலத்தில் வழக்கமாக 32,768-க்கு மேற்படவில்லை. 2008 மே மாதத்தில் இவ்வுண்மை வெளிப்பட்டபொழுது, இடைக்காலத்தில் அங்ஙனம் உண்டான சாவிகளையெல்லாம் மாற்ற நேர்ந்தது.

ஆகவே நாம் கைக்கொள்ளற்பாலன மூன்று.

1. எச்சரிக்கைகளைக் கேட்டுப் பெறுக.

2. சுட்டப்பட்ட வரி எதன்பொருட்டு உள்ளதென்று அறிந்த பின்னரே அதனைத் திருத்துக.

3. பழைய நிரலில் தோற்றுப் புதியதில் வெல்லும் சோதனையொன்றைத் திருத்தத்தோடு சேர்த்தெழுதி, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அது தானே ஓடுமாறு அமைக்க.

எச்சரிக்கையை வாயடைத்தல் எளிது. அதன் காரணத்தை நீக்குதலே தொழில். நல்லதை ஏற்கின்றதா என்று மட்டுமன்றி, தீயதை மறுக்கின்றதா என்றும் சோதித்தல் வேண்டும். நம் நிரலை நம்பிப் பயன்கொள்வார் அதன் வரிகளைக் காணார். அவர்பொருட்டு அவற்றைக் காணுதல் நம் கடன்.