சமணமலையில் உரியும் பாறை

பாலைவனப் பாறை பார்க்க ராஜஸ்தான்தான் போகணும்னு நினைச்சிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தனியா சைக்கிளில் கீழக்குயில்குடி சமணமலைக்குப் போனேன். மொட்டைப் பாறை, நிழலே இல்லை, கால் சுட்டது. ஓரிடத்தில் பாறை வெங்காயத் தோல் மாதிரி தகடு தகடாக உரிந்து கிடந்தது. பகல் வெயிலில் பாறை விரியும். இரவில் குளிர்ந்து சுருங்கும். பல்லாயிரம் ஆண்டு இப்படியே நடப்பதும் மேல்தோல் கழல ஒரு காரணம். புவியியல் பாடத்தில் படித்த பாறைச் சிதைவு இதுதான்! பாலைவனத்திலும் இதே வேலைதான் நடக்கிறது.

மேலே பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழையவை. அடியில் வட்டெழுத்து. அந்தப் பாறையும் ஒருநாள் உரியுமே என்று கவலையாக இருந்தது. அதற்குள் யாரோ பக்கத்துப் பாறையில் ஆணியால் பெயர் கீறி வைத்திருக்கிறார்கள்!

கல்வெட்டைத் தொடாமல் நாலு எழுத்தை நோட்டில் வரைந்து வந்தேன். கீழே இருக்கிறது. தமிழ் ஐயா படித்துச் சொல்லணும்.