ரோபோ வந்த வகுப்பில் டீச்சர் எங்கே?

2024 மார்ச்சில் திருவனந்தபுரத்துப் பள்ளி ஒன்றில், ஐரிஸ் என்ற ரோபோ சேலை கட்டிக்கொண்டு வகுப்பறைக்குள் வந்தது. அந்தக் காணொளி கைபேசிக்குக் கைபேசி பரவியது. "இனி டீச்சர் எதற்கு?" என்று வியந்தவர்கள் உண்டு, "பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்" என்று பயந்தவர்களும் உண்டு. இரண்டுமே கேள்விப்பட்டதை வைத்து எழுந்த பேச்சு. வகுப்பறைகளில் செய்து பார்த்தபோது தெரியவந்தது என்ன? ஐந்து நம்பிக்கைகளை எடுத்துக்கொள்வோம்.

நம்பிக்கை 1: ரோபோ தானாகவே பாடம் நடத்திவிடுகிறது.

உண்மை: 2010இல் தென்கொரியாவின் தேகு நகரத் தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்க 'எங்கி' என்ற ரோபோக்கள் வந்தன. ஒரு மீட்டர் உயரம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திரை. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் உருவம். பிள்ளைகளோடு பேசியதோ பிலிப்பைன்ஸில் உட்கார்ந்திருந்த ஆசிரியர்கள். அந்த டீச்சர் அங்கே சிரித்தால், கேமரா அதைப் பிடித்து, இங்கே திரையில் இருக்கும் முகத்தைச் சிரிக்கவைக்கும். ஜப்பானில் 2009இல் வருகைப் பதிவு எடுத்துக் காட்டிய 'சாயா' ரோபோவையும் ஒரு மனிதர்தான் தொலைவிலிருந்து இயக்கினார். பாடம் சொன்னவரை மறைத்துவிட்டுப் பெட்டியைக் கொண்டாடுவதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம்பிக்கை 2: ரோபோ உருவம் இருந்தாலே பிள்ளைகள் கூடுதலாகக் கற்பார்கள்.

உண்மை: நெதர்லாந்தில் ஐந்து வயதை ஒட்டிய 194 குழந்தைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சிலருக்கு 'நாவோ' ரோபோவும் டேப்லெட்டும் சேர்ந்து ஆங்கிலச் சொற்களைக் கற்றுக்கொடுத்தன. சிலருக்கு வெறும் டேப்லெட். இரு தரப்பினரும் ஒரே அளவுதான் கற்றார்கள்.

அதே நாவோ, சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வாளர்கள் கையில் வேறு வேலைக்குப் பயன்பட்டது. அது எழுத்தைக் கோணல்மாணலாக எழுதும். பிள்ளை அதைத் திருத்தி எழுதிக் காட்ட வேண்டும். ரோபோ மறுபடி முயலும், கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும். எழுதுவதில் பின்தங்கிய குழந்தைக்கு அங்கே டீச்சர் வேலை! அந்த ரோபோவுக்காகக் குழந்தை சலிக்காமல் எழுதிப் பழகியது. தான் கற்க, பிறருக்குச் சொல்லிக்கொடு என்பது நல்ல ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்த பழைய வழி.

நம்பிக்கை 3: செயற்கை நுண்ணறிவிடம் (ஏஐ) கேட்டவுடன் பதில் கிடைத்தால் படிப்பு நன்றாக வரும்.

உண்மை: துருக்கியில் 2023இல் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் சோதித்தார்கள். ஜிபிடி-4 என்ற ஏஐயின் துணையோடு பயிற்சிக் கணக்குகள் போட்டவர்கள், அது இல்லாதவர்களைவிட 48 சதவீதம் நன்றாகச் செய்தார்கள். பிறகு அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அது இல்லாமலே பயின்றவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். விடையைப் பார்த்து எழுதிய கைக்குக் கணக்குப் பழகவில்லை.

மூன்றாவது பிரிவு ஒன்றும் இருந்தது. அவர்களுக்குத் தந்த ஏஐ விடையைச் சொல்லாது, குறிப்பு மட்டும் தரும். மாணவர்கள் எந்த இடத்தில் தடுக்குவார்கள் என்பதை ஆசிரியர்களிடம் கேட்டு அதில் முன்கூட்டியே சேர்த்திருந்தார்கள். அந்தப் பிரிவில் இந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. 'இந்த வரியில் கூட்டல் குறியைக் கழித்தலாக்கிவிடுவான்' என்பது, ஆண்டுக்கணக்கில் விடைத்தாள் திருத்தியவருக்குத்தானே தெரியும்!

நம்பிக்கை 4: ஏஐ எழுதிக்கொடுத்த கட்டுரையை மென்பொருள் கண்டுபிடித்துவிடும்.

உண்மை: சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படியொரு கருவியை வெளியிட்டது. அதன் சொந்தச் சோதனையில், ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதம்தான் பிடிபட்டன. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதம் ஏஐயின் கணக்கில் சேர்ந்தன. ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை ஏஐ எழுதியவை என்று தவறாகக் குறிக்கப்பட்டன. எளிய சொற்களும் பழகிய வாக்கியங்களும்தான் காரணம். தமிழ்வழியில் படித்து, தெரிந்த சொற்களைக் கோத்து ஆங்கிலம் எழுதும் நம் பிள்ளைமேலும் இந்தப் பழி விழலாம். பக்கத்தில் உட்காரவைத்து, "இதில் நீ என்ன சொல்லியிருக்கிறாய்?" என்று ஆசிரியர் கேட்கட்டும். தானே எழுதியவனுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும்.

நம்பிக்கை 5: ஏஐ பெருகினால் ஆசிரியர் தேவை குறையும்.

உண்மை: 2030க்குள் உலகத்துக்கு இன்னும் 4.4 கோடி ஆசிரியர்கள் வேண்டும் என்கிறது யுனெஸ்கோ. ஏஐ உதவக்கூடிய விதத்தை 2024இல் அமெரிக்காவில் நடந்த 'டியூட்டர் கோபைலட்' ஆய்வு காட்டியது. 900 டியூட்டர்கள், 1,800 மாணவர்கள். அந்த ஏஐ மாணவனிடம் பேசவில்லை. அவன் தவறியதும், அடுத்து என்ன கேட்கலாம் என்ற யோசனை டியூட்டரின் திரையில் வரும்; அதை ஏற்பதும் மாற்றுவதும் அவர் கையில். அந்த உதவி கிடைத்தவர்களின் மாணவர்களில் பாடம் தேறியவர்கள் 4 சதவீதப் புள்ளிகள் கூடுதல். மதிப்பீட்டில் பின்தங்கியிருந்த டியூட்டர்களின் மாணவர்களிடம் இந்த உயர்வு 9 புள்ளிகள். விடையைத் தாங்களே சொல்லிவிடுவதைக் குறைத்து, மாணவனை யோசிக்கவைக்கும் கேள்விகளை ஏஐ உதவி பெற்ற டியூட்டர்கள் அதிகம் கேட்டார்கள்.

உங்கள் பிள்ளையின் பள்ளியில் ஏஐ வருகிறது, ரோபோ வருகிறது என்று அறிவித்தால், விலையை விசாரிக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். அதைத் தேர்ந்தெடுக்கும்போது ஆசிரியர்களிடம் கலந்து பேசினார்களா? பழகிக்கொள்ள அவர்களுக்கு எத்தனை நாள் கொடுத்தார்கள்? இன்றைய பாடத்துக்கு இது வேண்டாம் என்று அணைத்துவைக்கும் உரிமை அவர்களுக்கு உண்டா? தேகுவில் திரைக்குப் பின்னால் இருந்த டீச்சர், நம் வகுப்பில் பிள்ளைகளின் கண்முன்னே நிற்கட்டும்.